எங்களோடேகூட வராதவர்கள்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தட்டு ஏந்தி நிற்பார்கள். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம், எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்திருக்கும். மனதுக்குள் ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருஷம் முழுக்க நமக்கு. பிடிக்கவில்லை என்று திரும்ப வைத்துவிட்டு வேறு எடுப்பவர்களும் உண்டு. எங்கள் பெரிய அத்தை மூன்று முறை மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

2023-இல் எனக்கு மாற்றத் தோன்றவில்லை. எரேமியா 29:11 வந்திருந்தது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்… அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வீட்டுக்கு வந்ததும் பீரோக் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தேன். தலை வாரும்போதெல்லாம் கண்ணில் படும்.

பிப்ரவரி கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மார்ச் நடுவில் மூக்குக்குழாயோடு வீட்டுக்கு வந்தார். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அண்ணன் சென்னையில். நான் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள், அதனால் யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. அட்டையைக் கண்ணாடியிலிருந்து எடுத்து மேசை டிராயருக்குள் போட்டேன். கோபம் என்று சொல்ல முடியாது. தலை வாரும்போது அதைப் படிக்க வேண்டாம் என்றிருந்தது, அவ்வளவுதான்.

அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை வேதம் முழுவதையும் வாசித்து முடிக்கிறவர். கணக்கு எளிது. மொத்தம் 1189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். வேதத்திலுள்ள ஒவ்வொரு புத்தகமும், ஆகமம் என்போம், முடிந்ததும் அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதி போடுவார். அவருடைய வேதத்தில் யோசுவா பக்கத்தில் நாடா நின்றிருந்தது. அங்கிருந்து தொடர எனக்கு மனம் வரவில்லை. ஆதியாகமத்தில் ஆரம்பித்தேன், சத்தமாக, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடிகாலை நாலரைக்குப் புரட்டிவிட்டால் பிறகு எனக்குத் தூக்கம் வராது. வாசிப்பது அந்த நேரத்தில்தான்.

அதற்கு முன் நான் வேதம் வாசித்ததில்லையா என்றால், வாசித்திருக்கிறேன், என் ஆச்சி வாசித்த மாதிரி. ஆச்சி கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரலை வைப்பாள். விரல் பட்ட வசனம் அன்றைக்கு அவளுக்கு. நான் கொஞ்சம் படித்தவள், அதனால் விரல் வைப்பதில்லை. ஆனால் அதிகாரம் முழுக்க ஓடி, எனக்கென்று சொன்ன மாதிரி ஒரு வரி தட்டுப்படும் வரை தேடுவேன். கிடைத்ததும் கோடு போட்டுவிட்டு மூடிவிடுவேன். யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். வசன எண்களோடு புதிய ஏற்பாட்டை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் கிரேக்கத்தில் வெளியிட்டது 1551-இல். இடம் கண்டுபிடிக்க வசதியாகப் போட்ட எண்கள், நமக்குக் கத்தரிக்கும் கோடுகளாகிவிட்டன. பவுல் ஒரு மூச்சில் சொன்ன கடிதத்தை நாம் அட்டை அட்டையாக வெட்டி வைத்திருக்கிறோம்.

ஒருவருக்கு வாசித்துக் காட்டும்போது அப்படித் தேட முடியாது. வரிசையாகப் போக வேண்டும். அப்பா விடமாட்டார் என்பது எண்ணாகமம் 7-இல் தெரிந்தது.

அந்த அதிகாரத்தை நீங்கள் வாசித்திருந்தால் இப்போதே சிரித்திருப்பீர்கள். 119-ஆம் சங்கீதத்துக்கு அடுத்தபடி வேதத்தில் அதிக வசனங்கள் உள்ள அதிகாரம் அது, 89 வசனம். பலிபீடத்தின் பிரதிஷ்டைக்குப் பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் நாளுக்கொருவராகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் நாள் யூதா கோத்திரத்து நகசோன். சேக்கல் என்பது அந்தக் காலத்து எடைக்கணக்கு. நூற்றுமுப்பது சேக்கல் நிறையுள்ள ஒரு வெள்ளித்தாலம், எழுபது சேக்கல் நிறையுள்ள ஒரு வெள்ளிக்கலம், பத்துச் சேக்கல் பொன்னில் ஒரு தூபகரண்டி, ஒரு காளை, ஒரு ஆட்டுக்கடா, இப்படிப் போகும். இரண்டாம் நாள் இசக்கார் கோத்திரத்து நெதனெயேல். அவர் கொண்டுவந்தது? அதே தாலம், அதே கலம், அதே கரண்டி. ஒரு சேக்கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்றாம் நாளும் அப்படியே. பன்னிரண்டு நாளும் அப்படியே.

நாலாவது ஆளோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. "மற்றவங்களும் இதையேதான் கொண்டுவந்தாங்கப்பா" என்று சொல்லிவிட்டு எட்டாம் அதிகாரத்துக்குப் பக்கத்தைப் புரட்டினேன். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமா, புரட்ட வேண்டுமா என்று கேட்டேன். அது எதுவும் இல்லை. பக்கத்தைத் திருப்பி ஐந்தாவது பிரபுவிடம் போனதும் தட்டல் நின்றது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சபையில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர் அவர். அறுப்பின் பண்டிகையன்று காணிக்கைப் பட்டியலை மைக்கில் வாசிப்பதும் அவர்தான். பூசணிக்காய் ஒன்று, முருங்கைக்காய் ஒரு கட்டு, சேவல் ஒன்று என்று பெயர் சொல்லிச் சொல்லி வாசிப்பார். ஒருமுறை, முப்பது பேர் ஐம்பது ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தார்கள். மொத்தமாகச் சொல்லிவிடலாமே, மணி ஒன்றாகிறது, ஏலம் வேறு இருக்கிறது என்று யாரோ சொல்ல, அப்பா கேட்கவில்லை. முப்பது பெயரையும் முப்பது ஐம்பதையும் வாசித்தார். வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். கணக்கு நோட்டில் 'மேற்படி' போடலாம், ஆளுக்கு 'மேற்படி' போட முடியாது என்றார். அது எண்ணாகமம் 7-இலிருந்து அவர் எடுத்த பாடமா, சுபாவமா, கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் அவர் அப்போது இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தில் எங்கேயும் 'மேற்படி' இல்லை என்பதை அன்று பன்னிரண்டாவது ஆளான நப்தலி கோத்திரத்து அகீரா வரை வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லா அதிகாரத்திலும் இப்படி ஏதாவது கிடைத்தது என்று சொன்னால் பொய். நியாயாதிபதிகள் 19 வந்தது. ஒரு லேவியன் தன் மறுமனையாட்டியை ராத்திரி முழுக்க ஊர்க்காரர்களிடம் விட்டுவிட்டுக் காலையில் வாசற்படியில் விழுந்து கிடப்பவளை "எழுந்திரு போவோம்" என்று கூப்பிடும் அதிகாரம். அதை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்தேன்; குரல் நடுங்கியது. அன்று பாடம் எதுவும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது என்றே இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. அவளை வைத்து எனக்கு ஒரு ஆறுதல் தேடுவது அந்த லேவியன் செய்ததைப் போலவே ஆகிவிடும்.

ரூத் முடிந்த பக்கத்தில் அப்பாவின் தேதிகளுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "சீகன்பால்கு ஐயர் இதுவரை." 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி அவர், தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715-இல் அச்சிட்டும் முடித்துவிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபோது 1719-இல் காலமானார். முப்பத்தாறு வயதுதான். மீதியைப் பின்னால் வந்த சூல்ச் ஐயர் முடித்தார். ஒவ்வொரு வருஷமும் ரூத் முடிக்கும்போது அப்பா இந்தக் கதையை எங்களுக்குச் சொல்வார். இந்த வருஷம் நான் அவருக்குச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது தூங்கிவிட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் முதலாம் சாமுவேல் 30. நான் சொல்ல வந்ததே இதைத்தான், சுற்றிக்கொண்டு வருகிறேன்.

தாவீதும் அவனோடிருந்த அறுநூறு பேரும் வெளியே போயிருந்த சமயத்தில் அமலேக்கியர் வந்து சிக்லாக் ஊரைச் சுட்டெரித்து, பெண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தாவீதின் ஆட்கள் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பேசோர் ஆற்றுக்கு வரும்போது இருநூறு பேரால் முடியவில்லை, விடாய்த்துப்போனார்கள். அவர்களை அங்கேயே சாமான்களோடு விட்டுவிட்டு நானூறு பேர் போய் எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டு வருகிறார்கள். திரும்பி வந்ததும் பங்குச் சண்டை. தாவீது சொல்கிறான்: யுத்தத்துக்குப் போனவனுக்கு எவ்வளவோ அவ்வளவே ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும், சரிபங்கு.

ரஸ்து என்றால் படைக்கு வேண்டிய தட்டுமுட்டு, உணவுப்பொருள். இப்போது யாரும் பேசாத சொல். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மூன்று மாதத்துக்கு மேலாகக் கோயிலுக்குப் போகவில்லை, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போகவில்லை, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. சிரிஞ்சில் கஞ்சி, மூத்திரப் பை, புரட்டல், துவைப்பு. இதோ, ரஸ்துக்களண்டையில் இருக்கிறவள் நான். எனக்கும் சரிபங்கு உண்டு என்று வேதமே சொல்கிறது. அழுகை வந்தது. நல்ல அழுகைதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அந்த 24-ஆம் வசனத்தைப் போனில் படம் பிடித்து, விடிகாலை ஐந்து மணிக்கு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆசீர்வாதத்துக்காக அனுப்பவில்லை. குத்திக்காட்டத்தான். முந்தின ஞாயிறு போனில், "ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆளை வைச்சுக்கயேன், நான் காசு அனுப்புதேன்" என்று அவன் சொல்லியிருந்தான். "காசு அனுப்பினா ஆச்சா அண்ணே? ஒரே ஒரு ராத்திரி இங்கே வந்து முழிச்சிப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டிருந்தேன். அப்பாவுக்குப் பிறகு இந்த வீடு யாருக்கு என்பதையும் என் மனசு அந்த நாட்களில் தீர்மானித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "ஆமென். பாப்பா, ராத்திரியெல்லாம் இதைத்தான் நினைச்சிட்டிருந்தேன். என்னால அங்கே வர முடியல. ரஸ்து அனுப்பிட்டு இங்கே உக்காந்திருக்கேன். எனக்கும் பங்கு உண்டுன்னு காட்டினதுக்கு ஸ்தோத்திரம்."

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் வசனத்தை அவன் எடுத்துக்கொண்டான்! அவன் எப்படி ரஸ்துக்காரன்? பிறகு அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது யோசித்தேன். ஆஸ்பத்திரிப் பில் முழுவதும் அவன் கட்டியது. மாத மாதம் டயப்பருக்கும் மருந்துக்கும் வருவது அவன் பணம். தூரத்தில் உட்கார்ந்து சரக்கு அனுப்புகிறவன், வர முடியாமல் விடாய்த்துப்போனவன். சொல்லின் நேர் அர்த்தத்தில் ரஸ்து அவனிடம்தான் இருக்கிறது. அப்படியானால் யுத்தத்துக்குப் போனது யார்?

திரும்ப வந்து அதிகாரத்தை எடுத்து, நான் ஓடிக் கடந்திருந்த 22-ஆம் வசனத்தை வாசித்தேன். பங்கு கொடுக்கக்கூடாது என்று சொன்னவர்களின் வாதம் இது: "எங்களோடேகூட வராதபடியினால்" அவர்களுக்கு ஒன்றும் கிடையாது, பெண்டாட்டி பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும். நான் மாதக்கணக்காக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம், எழுத்துப் பிசகாமல். ஒரே ஒரு ராத்திரி கூட வராதவனுக்கு என்ன பங்கு? அப்படிப் பேசினவர்களுக்கு வேதம் வைத்திருக்கும் பெயர் துஷ்டர், பேலியாளின் மக்கள். சும்மா முணுமுணுத்தவர்களுக்கு இவ்வளவு பெரிய வசவா என்று இருந்தது. அவர்களும் உயிரைக் கொடுத்துத்தானே போய் வந்தார்கள்? களைப்பு பொய்யில்லை, செய்த வேலை பொய்யில்லை. ஆனால் அந்த வேலையை ரசீதாக்கி அடுத்தவன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். தாவீதின் பதிலில் இருநூறு பேரும் நல்லவர்கள், பாவம், என்று ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் பொறுப்பாகக் காவல் இருந்தார்களா, தூங்கினார்களா என்பதும் இல்லை. கர்த்தர் நமக்குத் தந்தது என்று மட்டும் சொல்கிறான். நம்முடையதாக இருந்தால்தானே யாருக்கு எவ்வளவு என்று நாம் பேரம் பேச முடியும்?

அப்பாவையே நான் என் கொள்ளைப்பொருள் மாதிரி பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆனது.

அன்று இரவு நானாகவே அண்ணனைக் கூப்பிட்டேன். வசனம் எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று கேட்டேன். என்ன ஆச்சு, அப்பாவுக்கு ஏதாவதா என்று பதறிவிட்டான். அந்த அளவுக்கு நான் அவனிடம் சாதாரணமாகப் பேசி நாளாகியிருந்தது. அடுத்த வாரம் ராத்திரிக்கு ஒரு ஆள் வைத்தோம்.

அதற்குப் பிறகு எந்த அதிகாரத்திலும், கண்டதும் ஒட்டிக்கொள்ளும் ஆளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கதையில் நல்லவனாகவோ பாவப்பட்டவனாகவோ நான் இருந்துவிட்டால் ஓடிக் கடந்த வசனம் எது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. எப்போதும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என்று சொல்லும் இடத்தில் நான் எலியாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். சாக வேண்டும் என்று ஜெபித்தவனுக்குத் தேவதூதன் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடி படுத்துத் தூங்குகிறான், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் முறையும் சாப்பாடுதான். களைத்தவர்களைப் பார்க்கப் போகும்போது பைக்குள் வசன அட்டை எடுத்துப் போவதற்குப் பதில் தோசைமாவு எடுத்துப் போக வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

நவம்பரில் எரேமியா வந்தது. வரிசையாக வாசித்துக்கொண்டு போனதில் டிராயரில் கிடந்த அட்டையை நான் மறந்தே போயிருந்தேன். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவிக்கிறான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அது பொய் என்று எரேமியா சொல்ல வேண்டியிருக்கிறது. 29-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதுகிறார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள். எழுபது வருஷம் ஆகும். அதற்கு அடுத்த வசனம் என் அட்டை.

எழுபது வருஷம். அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் யாரும் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்குத்தான், தீமைக்கல்ல, சமாதானத்துக்கு, என்று எழுதப்பட்டிருக்கிறது. உனக்கு எல்லாம் சீக்கிரம் நடந்துவிடும் என்று சொன்ன ஆள் முந்தின அதிகாரத்தில் இருக்கிறான், நான் ஜனவரியில் அட்டையை வாசித்தது அவன் குரலில். அப்பாவிடம் அட்டையை எடுத்துக் காட்டி, "இது எனக்கு வந்ததுப்பா" என்றேன். இடது கையால் வாங்கிப் பார்த்துவிட்டு அதைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

31 வரை வாசித்தோம். மறுநாள் விடிகாலை நாலரைக்குப் புரட்டப் போனபோது அப்பா இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். உறவுக்காரர்கள் எல்லாரும் போயாகிவிட்டது. எரேமியா 31 முடிந்த இடத்தில் பென்சிலால் "அப்பா இதுவரை" என்று எழுதி வேதத்தை மூடி வைத்திருந்தேன். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது அண்ணன் அதை எடுத்து, "எங்கே விட்டீங்க?" என்று கேட்டான். நாடா இருந்த பக்கத்தைத் திறந்து, என் எழுத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் 32-ஐ வாசிக்கத் தொடங்கினான்.

எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது பார்த்து ஒரு பங்காளி, அனாமெயேல், வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். நாளைக்கு எதிரி கையில் போகப் போகிற நிலம். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிக் கையெழுத்து, முத்திரை, கிரயபத்திரம் எல்லாம் முறைப்படி நடக்கிறது. பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார்.

கிரயபத்திரம் என்ற இடத்தில் அண்ணன் குரல் தயங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவுக்குள் இந்த வீட்டுப் பத்திரம் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பதினேழு சேக்கல்னா இப்போ எவ்வளவு பாப்பா இருக்கும்?" என்றான்.

"தெரியல அண்ணே. நீ வாசி, இன்னும் இருக்கு."